பகல்ல தமிழ் டைப்பிங், ராத்திரி வேலரன்ட்: ஒரே கீபோர்டுக்கு எந்த சுவிட்ச்?

முட்டம்_99 | வியாழன், இரவு 9:50

மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. வீட்டுல இருந்தே தமிழ் டைப்செட்டிங் செய்யுதேன். நாகர்கோவில்ல ரெண்டு மூணு பிரஸ்ஸுக்கு புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா மலர், கல்யாணக் கார்டுன்னு என்ன வந்தாலும் அடிச்சுக் கொடுப்பேன். தமிழ் 99 லேஅவுட் (எந்தக் கீயில எந்தத் தமிழ் எழுத்துன்னு உள்ள வரிசை). காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் விரலுக்கு ஓய்வு கிடையாது. ராத்திரி சாப்பிட்ட பொறவு ஆன்லைன்ல சுடுற கேம்: வேலரன்ட், எப்பமாவது கவுன்டர்-ஸ்டிரைக்.

இப்ப கையில கிடக்கது சாதா மெம்பிரேன் கீபோர்டு, கீக்கு அடியில ரப்பர் உள்ளது. ஷிஃப்ட், டபிள்யூ, ஏ மூணையும் பிடிச்சுக்கிட்டு ஸ்பேஸ் தட்டினா ஆள் குதிக்க மாட்டங்கான். 'ன' கீயில ரப்பர் செத்துப் போச்சு, ரெண்டு தடவை குத்தணும். சவத்தத் தூக்கிப் போட்டுட்டு, கீக்கு ஒரு தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் எடுத்துரலாம்னு முடிவு செஞ்சாச்சு. 6000 ரூபாய்க்குள்ள. சுவிட்சுல சிவப்பு, பிரவுன், நீலம்னு வகை வகையா வீடியோ பாத்துப் பாத்துத் தலை சுத்துது.

ரெண்டு விஷயம் முன்னாலயே சொல்லிருதேன். அப்பா கடலுக்குப் போறவரு. விடியக்காலம் மூணு மணிக்கு எழும்பணும், அதனால எட்டு எட்டரைக்கே படுத்திருவாரு. அவரு கட்டிலுக்கும் என் மேசைக்கும் நடுவுல ஒரு பிளைவுட் தட்டிதான். அடுத்தது உப்புக்காத்து. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சாலும் செதில் செதிலாப் பொரிஞ்சு வருது. இந்தக் கீபோர்டோட அடியில ஸ்க்ரூவைத் திருப்பப் போனா தலை மட்டும் தனியா வந்துச்சு.

வடசேரி_ஸ்னைப்பர் | வியாழன், இரவு 10:04

ஒரே பேச்சு மக்கா, ஸ்பீட் சில்வர். செர்ரி கம்பெனியோட ரெட் சுவிட்சுல 2 மில்லிமீட்டர் இறங்கினாத்தான் கீ பதிவாகும். சில்வர்ல 1.2 போதும். மொத்த ஆழமும் 3.4தான், ரெட்ல 4. கீயை அமுக்குற பாரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 45 கிராம். கேம் விளையாடுறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? டைப்பிங் எல்லாம் கை பழகினா தானா வரும்.

ஆரல்வாய்_ரெமிங்டன் | வியாழன், இரவு 10:31

தம்பி, நான் இன்ஸ்டிடியூட்ல லோயர், ஹையர்னு பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவன். அடிச்ச எழுத்து விழுந்துதா இல்லியான்னு விரலும் காதும் ஒரே நேரத்துல சொல்லணும். அதுக்கு நீல சுவிட்சை விட்டா வேற இல்ல. சத்தம் வரட்டும், என்ன இப்ப? ஒரு ஹாலுக்குள்ள அத்தனை மெஷினும் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் யாரும் செத்துப் போகல. கேமைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கிட ஆசையும் இல்ல.

முட்டம்_99 | வியாழன், இரவு 10:35

சாரே, நீலத்தைப் போட்டா அப்பா கீபோர்டோட சேர்த்து என்னையும் வள்ளத்துல ஏத்திக்கிட்டுப் போயி நடுக்கடல்ல இறக்கி விட்டுருவாரு.

மார்த்தாண்டம்_மினி | வெள்ளி, காலை 7:15

நான் ஆதாரம் (பத்திரம்) எழுதுற ஆபீஸ்ல டைப் செய்யுறவ. கேம் பக்கம் போனதில்ல, அதனால டைப்பிங் மட்டும் சொல்லுதேன்.

நாள் முழுக்க அடிக்கிறவங்களுக்கு பாரம்தான் முதல்ல. 60 கிராம் சுவிட்சுல ஒரு மணிநேரம் அடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆறு மணிநேரம் அடிச்சுட்டு சாயங்காலம் மீன் வெட்ட உக்காந்தா தெரியும், சுண்டு விரலும் மணிக்கட்டும் என்ன பாடுன்னு. எங்க ஆபீஸ்ல ஒரு செர்ரி பிளாக் கிடக்கு. லீனியர்தான் (தடக்கு இல்லாம நேரா இறங்கும்), ஆனா 60. அதுல பக்கம் பக்கமா அடிச்சா வலது கை வீங்கின மாதிரி ஆயிரும். 45, 50க்கு மேல போவாண்டாம் தம்பி. நீ தமிழ் 99 அடிக்கிறதுனால ஷிஃப்ட் கீ உபத்திரவம் கம்மி, அது உனக்கு அதிர்ஷ்டம். நான் பழைய டைப்ரைட்டர் லேஅவுட். ஷிஃப்டைப் பிடிச்சுப் பிடிச்சே ஒரு விரல் வளைஞ்சு போச்சு.

தக்கலை_விரல் | வெள்ளி, மதியம் 1:20

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கிடுங்க.

சுவிட்சுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்ல. நடுவுல ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதுக்குக் கீழ ஸ்பிரிங், பக்கத்துல ரெண்டு உலோக இதழ். தண்டோட காலு இறங்கும்போது இதழ் ஒண்ணோட ஒண்ணு தொடும், கீ பதிவாகும். காலு வழுவழுன்னு நேரா இருந்தா லீனியர். அதுல ஒரு மேடு இருந்தா விரலுக்குத் தடக்குன்னு தெரியும், அது டேக்டைல், பிரவுன் அந்த வகை. செர்ரி நீலத்துல தண்டு ரெண்டு துண்டா இருக்கும். வெளியில ஒரு சின்ன வளையம் மாதிரி துண்டு, அது தனியா கீழ போய் இடிக்கிறதுதான் அந்த 'டிக்'.

நீலத்துல கேம் ஆடுறதுக்கு உள்ள சிக்கலும் அந்த வளையத்துலதான் இருக்கு. பதிவாகுற இடம் ஒண்ணு, விடுபடுற இடம் அதுக்கு மேல வேற ஒண்ணு. ஒரு தடவை அமுக்கிட்டு விரலைப் பாதி தூக்கி மறுபடி அமுக்கினா பதிவாகாது, கூடுதலா தூக்கித்தான் ஆகணும். டைப்பிங்ல ஒரே எழுத்தை அந்த வேகத்துல யாரும் குத்துறதில்ல, அதனால சாருக்கு அது தெரியவே தெரியாது. வேலரன்ட்ல ஏ, டி மாத்தி மாத்தித் தட்டுற கைக்கு உடனே தெரிஞ்சுரும். கெய்ல் கம்பெனியோட பாக்ஸ் வெள்ளையில வளையத்துக்குப் பதிலா ஒரு சின்னக் கம்பி, அதுல இந்தக் குறை ரொம்பக் குறைவு. ஆனா அது இறங்கும்போதும் சத்தம் போடும், ஏறும்போதும் போடும். முட்டத்துக்காரருக்கு ஆகாது.

அடுத்து பிரவுன். 'சத்தமில்லாத நீலம்'னு சொல்லித்தான் கடையில தள்ளுறாங்க. பிரவுன்ல டிக் கிடையாது, அது சரி. ஆனா கீபோர்டு சத்தத்துல பெரும்பங்கு தண்டு அடியில போய் முட்டுறதுலயும், திரும்ப மேல வந்து முட்டுறதுலயும் வருது. அந்த ரெண்டு முட்டும் பிரவுனுக்கும் உண்டு, ரெட்டுக்கும் உண்டு. ராத்திரி பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கப் போறது இந்த 'தொப் தொப்'தான். அதனால நீலமா பிரவுனாங்குற கேள்வி உங்களுக்குப் பொருந்தவே இல்ல.

இனி ஸ்னைப்பர் சொன்ன 1.2. கணக்கு சரிதான். 0.8 மில்லிமீட்டர் லாபம். அதைக் கடக்க விரலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சில மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃபிரேமே கிட்டத்தட்ட 7 மில்லிநொடி. என் வீட்டுல இருந்து மும்பை சர்வருக்குப் பிங் (போய்த் திரும்புற நேரம்) 40 சொச்சம் மில்லிநொடி, மழை பெய்ஞ்சா இன்னும் கூடும். போட்டிக்குப் போய் காசு ஜெயிக்கிறவன் அந்த சில மில்லிநொடியைப் பாக்கட்டும். நமக்கு தோக்குறதுக்கு வேற ஆயிரம் காரணம் இருக்கு.

உங்க மெம்பிரேன்ல ஆள் குதிக்காததுக்கு சுவிட்ச் காரணமே இல்ல பாத்துக்கிடுங்க. ஒரே நேரத்துல மூணு நாலு கீ அமுக்கினா எது எதுன்னு அந்தச் சர்க்கியூட்டால பிரிச்சுப் பாக்க முடியாம ஒண்ணை விட்டுருது. நல்ல மெக்கானிக்கல் போர்டுல கீக்கு ஒரு டயோடு இருக்கும், பத்து விரலையும் அமுக்கினாலும் பத்தும் போகும். கேமுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் அங்கேயே வந்துருது, சுவிட்ச் எந்த நிறமா இருந்தாலும் சரி.

ஆகையால என் கணக்கு இது: பகல் பூரா டைப்பிங், ராத்திரி ரெண்டு மணிநேரம் கேம். சுவிட்சை டைப்பிங்குக்குப் பாத்து எடுங்க. கேமுக்குத் தொந்தரவா இருக்கா இல்லையான்னு மட்டும் சோதிச்சாப் போதும். மினி அக்கா சொன்ன 45, 50 கிராம், 2 மில்லிமீட்டர் பக்கம் பதிவாகுற லீனியர் ரெண்டுக்கும் இடைஞ்சல் பண்ணாது. அதுல சைலன்ட் வகை இருக்கு: தண்டு முட்டுற ரெண்டு இடத்துலயும் சின்ன ரப்பர் வச்சிருப்பாங்க. செர்ரி சைலன்ட் ரெட் 1.9ல பதிவாகும், ஆழம் 3.7. கேட்டரான் கம்பெனியிலயும் சைலன்ட் உண்டு. சாதாரண லீனியரை விட விலை கூடுதல், அதுக்குத் தகுந்தது உண்டு.

வடசேரி_ஸ்னைப்பர் | வெள்ளி, மதியம் 2:02

அண்ணே, சைலன்ட் சுவிட்சுல நீங்க அடிச்சுப் பாத்திருக்கியளா? ஆறிப்போன உளுந்தங்கஞ்சிக்குள்ள விரல் விட்ட மாதிரி இருக்கும். அடி எங்க வந்துச்சு, எப்ப திரும்புச்சுன்னு ஒரு பிடியும் கிடைக்காது.

சரி, டைப்பிங்தான் முக்கியம்னே வச்சுக்கிடுவோம். ஹாட்-ஸ்வாப் போர்டு எடுக்கட்டும். சால்டரிங் வேண்டாம், சுவிட்சைப் பிடுங்கி வேற மாட்டிக்கிடலாம். போர்டு முழுக்க நீங்க சொன்ன சைலன்ட். கேம்ல ஆளை நடத்துற டபிள்யூ, ஏ, எஸ், டி நாலுல மட்டும் ஸ்பீட் சில்வர். ரெண்டு பேரு சண்டையும் தீர்ந்துச்சு.

தக்கலை_விரல் | வெள்ளி, மதியம் 2:40

இங்கிலீஷ் அடிக்கிறவனா இருந்தா நானே இதைச் சொல்லியிருப்பேன். முட்டத்துக்காரர் அடிக்கிறது தமிழ் 99. அதுல எஸ் கீ என்ன? 'இ'. டி கீ? 'உ'. எஃப் கீ புள்ளி. உயிரெல்லாம் இடது கை, மெய்யில பெரும்பாலும் வலது கை. வலது கையில ஒரு மெய் அடிச்சா இடது கையில ஒரு உயிரோ புள்ளியோ வந்துக்கிட்டே இருக்கும். இடது கையோட மூணு விரல் எப்பவும் இ, உ, புள்ளி மேல தயாராப் படுத்துக் கிடக்கும்.

அந்த இடத்துல 1.2ல பதிவாகுற சுவிட்சை வச்சா விரல் சும்மா சாஞ்சாலே எழுத்து விழும். 'கடல்' அடிக்கும்போது 'ட'வுக்கு அப்புறம் இடது மோதிர விரல் லேசாத் தொட்டா 'கடில்'. நடு விரல் தொட்டா 'கடுல்'. இங்கிலீஷ்ல கூடுதலா ஒரு எழுத்து விழுந்தா வார்த்தை நீளும், கண்ணுல படும். தமிழ்ல கொம்பு மாறிரும், வரி நீளம் மாறாது. புரூஃப் பாக்குறவன் கண்ணுக்குத் தப்பி அச்சுக்கே போயிரும். கல்யாணக் கார்டுல 'மணமகள்' எங்கயாவது 'மணமகிள்' ஆனா பொண்ணு வீட்டுக்காரன் வந்து யாரைப் பிடிப்பான்?

ஆனா ஒண்ணு. ஏ கீ 'அ', டபிள்யூ கீ 'ஈ'. மெய்யிலயே அகரம் ஒட்டிக்கிட்டு வர்றதால 'அ' கீக்கு வேலை குறைவு, 'ஈ' அதைவிடக் குறைவு. அந்த ரெண்டுல வேணும்னா சில்வர் வச்சுக்கிடலாம்.

வடசேரி_ஸ்னைப்பர் | வெள்ளி, மதியம் 2:44

ஏ-யில சில்வர், டி-யில சைலன்ட்! இடது பக்கம் பாய்வான், வலது பக்கம் நொண்டுவான். நல்ல ஐடியா அண்ணே.

முட்டம்_99 | வெள்ளி, மாலை 6:10

விரல் அண்ணே, இ கீயும் உ கீயும்தான் என் பழைய போர்டுல எழுத்து அழிஞ்சு கண்ணாடி மாதிரி மின்னுது. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது, ரெண்டு வேலைக்கும் அதையேதான் போட்டு அடிச்சிருக்கேன். தமிழ்ல இருந்து மாத்தாம கேமுக்குள்ள போயிட்டா டீம் சாட்ல 'அஅஅ உஉ இஇ'ன்னு விழும். ஒரு பெங்களூர்க்காரன், இது என்ன ரகசிய மொழியான்னு கேட்டான்.

குலசேகரம்_சால்டர் | வெள்ளி, இரவு 8:25

நிங்க எல்லாரும் கிராமும் மில்லிமீட்டரும் பறையுதிய. முட்டத்துல கடல் பக்கத்து வீடுன்னு அவன் முதல்லயே சொல்லியாச்சு, அதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல.

நான் ரிப்பேர் செய்யுதவன். மலைப்பக்கத்துல இருந்து வார போர்டுல தூசி, எறும்பு. கீகேப்பை (கீ மேல உள்ள மூடி) பிடுங்கினா சிப்ஸ் துணுக்கும் கட்டெறும்பும் சேர்ந்து ஒரு குடும்பமே இருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்துல இருந்து வார போர்டுல உப்பு. முதல்ல போறது ஸ்க்ரூ, அடுத்து யூஎஸ்பி வாய், பொறவு ஹாட்-ஸ்வாப் சாக்கெட்டுல உள்ள தகடு. பச்சையா களிம்பு பிடிச்சு நிக்கும். சுவிட்சுக்குள்ள இதழ்ல தங்கப் பூச்சு இருந்தா அது கொஞ்ச காலம் தாங்கும், செர்ரியில அது உண்டு. விலை குறைஞ்சதுல எல்லாத்துலயும் அப்படி இருக்கும்னு நம்பாண்டாம். இதழ் அழுக்கானா ஒரு தடவை அமுக்கினா ரெண்டு எழுத்து விழும். 'அம்மமா', 'வணக்ககம்'னு வரும். எல்லாரும் சுவிட்ச் போச்சுன்னு சொல்லுவாவ. பாதி நேரம் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு அம்பது தடவை அமுக்கினா சரியாவும்.

கெய்ல் பாக்ஸ் வகையை எல்லாரும் டைப்பிங் சுகத்துக்குப் பேசுதாவ. எனக்கு அதுல பிடிச்சது வேற. தண்டைச் சுத்தி ஒரு பெட்டி இருக்கு, தொடுற இடம் அதுக்குப் பக்கத்துல மூடிக் கிடக்கு. தூசிக்கும் தண்ணிக்கும் ஐபி56னு கம்பெனியே போட்டிருக்கு. சுவிட்சுக்குத்தான் அந்தக் கணக்கு, போர்டுக்கு இல்ல, அதை மறக்காண்டாம். பாக்ஸ் ரெட் 1.8ல பதிவாகும், ஆழம் 3.6. நம்ம கடற்கரைக்கு நான் முதல்ல சொல்லுறது அதாக்கும். அதுலயும் சைலன்ட் இருக்கு.

ஹாட்-ஸ்வாப் கடல்பக்கத்துக்கு நல்லதா கெட்டதான்னா, ரெண்டும்தான். சாக்கெட்டுல களிம்பு பிடிக்கும், அது கெட்டது. ஒரு சுவிட்ச் போனா பிடுங்கிப் போட்டு வேற வைக்கலாம், எங்கிட்ட வந்து நிக்காண்டாம், அது நல்லது. எனக்கு நஷ்டம், ஆனாலும் ஹாட்-ஸ்வாப்பே எடு.

ஆரல்வாய்_ரெமிங்டன் | வெள்ளி, இரவு 9:05

துருவுக்கு நாங்க மெஷினுக்கு எண்ணெய் போடுவோம். சுவிட்சுக்குள்ள ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா என்ன? நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்?

குலசேகரம்_சால்டர் | வெள்ளி, இரவு 9:11

பொன்னு சாரே, அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுத்துராதீங்க. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிர்ல உறையும், நாள் போனா பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஆவும், எறும்புக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச கணக்கு. இதுக்குன்னே கிரீஸ் உண்டு, கிரைட்டாக்ஸ் 205ஜி0னு கேட்டா தருவாவ. லீனியர் சுவிட்சைத் திறந்து, தண்டு உரசுற பக்கத்துலயும் ஸ்பிரிங்குலயும் மெல்லிசா, பிரஷ்ஷுல இருக்கா இல்லியான்னு சந்தேகப்படுற அளவுக்குப் பூசணும். கர கரப்பு போவும், ஸ்பிரிங் கிணுகிணுக்கிற சத்தமும் போவும். ஸ்பிரிங் மேல ஒரு படலம் இருந்தா உப்பு சட்டுன்னு ஏறவும் செய்யாது. இதழ் மேல மட்டும் படப்பிடாது.

வடசேரி_ஸ்னைப்பர் | வெள்ளி, இரவு 9:40

உப்புதான் பிரச்சினைன்னா இதழே இல்லாத சுவிட்சை எடுக்க வேண்டியதுதானே? ஹால் எஃபெக்ட். தண்டுல காந்தம், போர்டுல சென்சார். எதுவும் எதையும் தொடாது, களிம்பு பிடிக்க இதழே கிடையாது. எவ்வளவு ஆழத்துல பதிவாகணும்னு சாஃப்ட்வேர்ல நாமே வச்சுக்கிடலாம். பகல்ல டைப்பிங்குக்கு 2 மில்லிமீட்டர், ராத்திரி கேமுக்கு 0.5. ரேபிட் டிரிகர் போட்டா விரலை லேசாத் தூக்கினாலே கீ விடுபடும், மறுபடி அமுக்கினா பதிவாகும். எஸ்-ல இ விழுதுன்னு விரல் அண்ணன் சொன்ன சிக்கலும் இதுல தீருது. நெதர்லாந்து வூட்டிங் கம்பெனி போர்டு நமக்கு எட்டாத விலைதான். சீனாவுல இருந்து வர்றது இப்ப விலை நல்லா இறங்கியாச்சு.

தக்கலை_விரல் | வெள்ளி, இரவு 10:15

இந்தத் தடவை ஸ்னைப்பரோட பேச்சுல சரக்கு இருக்கு. கொள்ளாம்.

உப்புக்கும் ஆழத்துக்கும் அது நல்ல விடை. மூணு விஷயம் யோசிக்கணும். ஒண்ணு, அது எல்லாமே லீனியர் மாதிரிதான், அதுக்குள்ள சைலன்ட் தேடினா தெரிவு சுருங்கிரும். அடுத்தது, ஹாட்-ஸ்வாப்னு எழுதியிருந்தாலும் சாதா மெக்கானிக்கல் சுவிட்சை அதுல போட்டா வேலை செய்யாது. காந்த சுவிட்சுலயே இன்னொரு கம்பெனியோடது பொருந்துமான்னு பாத்துத்தான் வாங்கணும். கடைசியா, முட்டத்துல யூஎஸ்பி வாயும் சர்க்கியூட்டும் எந்தப் போர்டா இருந்தாலும் உப்பைக் குடிக்கும், காந்தம் அதைத் தடுக்காது.

கூடவே ஒண்ணு. அந்த மாதிரி போர்டுல ஏ, டி ரெண்டையும் சேர்த்து அமுக்கினா கடைசியா அமுக்கினதை மட்டும் எடுத்துக்கிடுற வசதி ஒண்ணு வரும், ரேசர் கம்பெனி அதுக்கு ஸ்னாப் டேப்னு பேரு வச்சது. கவுன்டர்-ஸ்டிரைக் 2ல அதை 2024 ஆகஸ்ட்ல அந்த கேமோட கம்பெனி வால்வ் தடை செஞ்சாச்சு. ஆன்ல வச்சுக்கிட்டுப் போனா ஆட்டத்துல இருந்து வெளியில தள்ளிரும். ரேபிட் டிரிகர் அந்தத் தடையில வராது. எடுக்கறதா இருந்தா முதல் நாளே அதை ஆஃப் செஞ்சு வைங்க.

வடசேரி_ஸ்னைப்பர் | வெள்ளி, இரவு 10:22

அது இருந்தாத்தான் எனக்கு டைமண்ட் ரேங்க் வரும்னு இல்ல. இப்பவே...

நிர்வாகி | வெள்ளி, இரவு 10:58

ரேங்க் பத்தின பதினோரு பதிவுகள் வேற இழைக்கு மாத்தப்பட்டிருக்கு. இங்க சுவிட்ச் மட்டும்.

மார்த்தாண்டம்_மினி | சனி, காலை 6:50

இவ்வளவு பேசியாச்சு, அந்தத் தம்பி ஒரு சுவிட்சையாவது தொட்டுப் பாத்திருக்கானா? நாகர்கோவில் கடையில கேட்டா ஷோகேஸ்ல இருக்கற நீலம் ஒண்ணைத்தான் தட்டிக் காட்டுவாங்க. விலைக்கு மேல விலை போட்டு வாங்கிட்டு ஒரு வாரத்துல கை ஒத்துக்கிடலன்னா யாரு திருப்பி எடுப்பா?

தக்கலை_விரல் | சனி, காலை 8:30

மினி அக்கா சொன்னது நியாயம். எங்கிட்ட சுவிட்ச் டெஸ்டர் (வகைக்கு ஒண்ணா சுவிட்ச் மாட்டின பலகை) இருக்கு, கூடவே ஒரு ஹாட்-ஸ்வாப் போர்டும். பாக்ஸ் ரெட், கேட்டரான் எல்லோ, பிரவுன், சைலன்ட் ரெட், சில்வர் எல்லாம் உண்டு. டெஸ்டர்ல ஒரு கீயைத் தட்டிப் பாத்து ஒண்ணும் பிடிபடாது. போர்டுல வச்சு ரெண்டு பக்கம் அடிச்சுப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு தக்கலைக்கு வாங்க. அடிக்க வேண்டிய மேட்டரையும் கொண்டு வாங்க, சும்மா 'அம்மா ஆடு' அடிச்சுப் பாக்காதீங்க.

முட்டம்_99 | ஞாயிறு, இரவு 9:30

போயிட்டு வந்தாச்சு. அண்ணனுக்கு நன்றி, அண்ணி போட்ட சுக்குக் காப்பிக்கும்.

ஒரு திருவிழா மலர்ல பங்குத்தந்தை வாழ்த்துரை பாக்கி இருந்துச்சு, அதையே அடிச்சேன். சில்வர்ல முதல் பாராவுலயே 'இறைமகன்' 'இறைமிகன்' ஆயிருச்சு. விரல் அண்ணன் சொன்ன அதே இடம், மோதிர விரல். எல்லோ நல்லா ஓடிச்சு. வழுக்கிக்கிட்டுப் போகுது, 50 கிராமுன்னாலும் பாரமே தெரியல. ஆனா வேகம் ஏற ஏற அடியில போய் நல்லா முட்டுது. அண்ணன் பக்கத்து ரூமுல போய் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டாரு: எல்லோ, பாக்ஸ் ரெட், பிரவுன் மூணையும் மாத்தி மாத்தி அடிச்சும் எது எதுன்னு அவருக்குப் பிரிக்க முடியல. எல்லாம் ஒரே தொப் தொப். சைலன்ட் அடிச்சப்ப ஸ்பேஸ்பார் சத்தம் மட்டும் வந்துச்சுன்னாரு.

ஸ்னைப்பர் சொன்ன உளுந்தங்கஞ்சி பொய் இல்ல. முதல்ல அடி தட்டும்போது ஒரு மாதிரி பொத பொதன்னுதான் இருந்துச்சு. வாழ்த்துரை பாதி ஆனப்ப மறந்து போச்சு. பிரவுன்ல அந்தத் தடக்கு டைப்பிங்குக்கு நல்லாவே இருக்கு, எனக்கு அதுல ஆசைதான். அப்பாவுக்காக விட்டுட்டேன்.

கேமும் ஆடிப் பாத்தேன், அண்ணன் கம்ப்யூட்டர்ல பிராக்டிஸ் ரேஞ்ச் மட்டும். சைலன்டுக்கும் எல்லோவுக்கும் என் குண்டு போற இடத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டுலயும் சுவத்துலதான் பட்டுச்சு.

ஹால் எஃபெக்ட் கையில கிடைக்கல. கிடைச்சா ஆசை வந்துரும்னு பயமாவும் இருந்துச்சு.

குலசேகரம்_சால்டர் | ஞாயிறு, இரவு 10:05

அப்போ சைலன்ட் லீனியர், ஹாட்-ஸ்வாப். நல்லது. ஆர்டர் போடும் முன்ன பாக்க வேண்டியது: சில விலை குறைஞ்ச போர்டுல சாக்கெட் ஓட்டை சின்னது, அவுட்டெமு கம்பெனி சுவிட்ச் மட்டும்தான் இறங்கும். மத்ததைத் திணிச்சா காலு மடங்கி சாக்கெட்டே பிய்ஞ்சு போவும். விவரத்துல தெளிவா எழுதல்லன்னா வாங்காண்டாம். அடுத்து 3-பின், 5-பின். சுவிட்ச் 5-பின்னா இருந்து போர்டு 3-பின்னா இருந்தா, ஓரத்துல உள்ள ரெண்டு பிளாஸ்டிக் முளையை நகவெட்டியால வெட்டி விட்டாப் போதும். உலோகக் காலை வெட்டிராதே.

நம்பர்பேட் வேணுமா? டைப்செட்டிங்ல சிலர் ஆல்ட் கோடு (ஆல்ட் கீயோட நம்பர் சேர்த்து வரவைக்கிற குறி) அடிக்கிறதுக்குத் தேடுவாவ.

முட்டம்_99 | ஞாயிறு, இரவு 10:12

நம்பர்பேட் வேண்டாம் அண்ணே, மவுஸுக்கு இடம் வேணும். 87 கீ போர்டு பாத்து வச்சிருக்கேன். கீகேப் பிபிடி பிளாஸ்டிக், சீக்கிரம் மின்னாதுன்னு போட்டிருக்கான். ஸ்பேஸ்பார் சத்தத்துக்கு என்ன செய்ய?

தக்கலை_விரல் | ஞாயிறு, இரவு 10:20

அது சுவிட்ச் சத்தம் இல்ல, ஸ்டெபிலைசர். ரெண்டு பக்கமும் ஒரு கம்பி வளைஞ்சு போய் பிளாஸ்டிக்குக்குள்ள நுழையும், அந்தக் கம்பி முனையில கிரீஸ் தாராளமா வைங்க. சுவிட்சுக்குச் சொன்ன கஞ்சத்தனம் இங்க வேண்டாம். போர்டுக்கு அடியில மடிச்ச பழைய சாரம் (கைலி) ஒண்ணைப் போட்டுருங்க, மேசை அதிர்றது நிக்கும். வேலை முடிஞ்சா அதே சாரத்தை எடுத்து மேல மூடிருங்க, உப்புக்கும் ஆச்சு.

வடசேரி_ஸ்னைப்பர் | ஞாயிறு, இரவு 10:26

ஏ-யிலயும் டபிள்யூவுலயும் சில்வர்?

முட்டம்_99 | ஞாயிறு, இரவு 10:31

விரல் அண்ணன் டெஸ்டர்ல இருந்து ரெண்டு சில்வர் சும்மா தந்தாரு. டபிள்யூவுல ஒண்ணு வைக்கப் போறேன். 'ஈ' எனக்கு எங்க அதிகமா வருது, 'நீங்கா நினைவு' போஸ்டர்லதான்.

ஆரல்வாய்_ரெமிங்டன் | திங்கள், காலை 5:55

இவ்வளவு பேசி, சத்தமே வராத ஒண்ணை வாங்கப் போறான். அப்பா கடலுக்குப் போன பொறவு பகல்ல அடிக்க ஒரு நீலம் தனியா வாங்கி வச்சுக்கிடு தம்பி. ஹாட்-ஸ்வாப்னு எல்லாரும் சொல்லுதீங்களே, காலையில மாட்டி ராத்திரி கழட்ட முடியாதா?

குலசேகரம்_சால்டர் | திங்கள், காலை 7:40

சாரே, 87 சுவிட்ச். தெனமும் ரெண்டு நேரம் பிடுங்கினா அந்தச் சாக்கெட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவன் எங்கிட்டத்தான் வருவான். எனக்குச் சம்மதம்.